காமிராவின் தலையெழுத்து

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியின் காதில் நூலைக் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு இப்பாலோ அப்பாலோ போய் நிற்கும். இரு கண்களையும் திறந்துகொண்டால் அதே வேலை எளிதில் முடிந்துவிடும். நம் கண்கள் இரண்டும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரண்டு இடங்களிலிருந்து பார்க்கின்றன. அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு, பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை நம் மூளை கணித்துக்கொள்கிறது. இந்த உண்மையையே அடிப்படையாகக் கொண்டு எழுந்தது ஒரு வகைக் காமிரா. அதை ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா என்பர். தொலைவுமானிக் காமிரா என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலக நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த புகைப்படங்களில் பெரும்பங்கு இத்தகைய காமிராக்களின் வழியே வந்தவை.

பழுதுபட்ட அக்காமிராக்களைத் திறந்து சீர்செய்வதை நான் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறேன். எனினும் இன்று நான் பேச வந்தது பொழுதுபோக்கைப் பற்றியன்று, சரித்திரத்தைப் பற்றி. கல்லிலும் செப்பேட்டிலும் மட்டுமே சரித்திரம் எழுதப்பட்டிருப்பதாக மாணவர்கள் எண்ணிவிடலாகாது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைப் பெட்டியிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாதவர் கையில் அது அழிந்தும் போகிறது.

முதலில் கருவியின் தத்துவத்தைச் சொல்லிவிடுகிறேன். காமிராவின் முகப்பில் இரண்டு சிறு சாளரங்கள் உள்ளன. ஒரு சாளரத்தின் வழியே வரும் ஒளி, பாதி ஒளியை ஊடுருவ விட்டுப் பாதியைப் பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடியைக் கடந்து நேரே நம் கண்ணுக்கு வருகிறது. மற்றச் சாளரத்தின் ஒளி, அங்குள்ள ஓர் ஆடியிலோ பட்டகத்திலோ திரும்பி, அதே அரைப்பூச்சுக் கண்ணாடியில் பட்டு நம் கண்ணை அடைகிறது. ஆகவே பார்ப்பவருக்குப் பொருள் இரட்டையாகத் தெரியும். லென்ஸைச் சுழற்றச் சுழற்ற ஆடியும் சிறிது சிறிதாகத் திரும்பும். இரண்டு பிம்பங்களும் நெருங்கி வந்து ஒன்றாகும். அவை ஒன்றாகும் கணத்தில் லென்ஸும் அந்தப் பொருளுக்குரிய தொலைவில் நிற்கும்படி யந்திரம் அமைந்திருக்கிறது. நில அளவையாளர் ஆற்றின் இக்கரையில் இரண்டு முளைகளை அடித்து, கோணத்தைக் கொண்டு அக்கரையின் தொலைவைக் கணக்கிடுகிறார் அல்லவா? அந்த முக்கோணக் கணக்கேதான் இது. இரண்டு சாளரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் அம்முக்கோணத்தின் அடிப்பக்கம். அடிப்பக்கம் நீண்டால் அளவு நுட்பமாகும்.

இந்தத் தத்துவம் காமிராவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பதை அறியப் போர்க்கப்பல்களில் பல மீட்டர் நீளமுள்ள தொலைவுமானிக் குழாய்களை வைத்திருந்தனர். கிளாஸ்கோ நகரத்தின் பார் அண்ட் ஸ்ட்ரவுட் நிறுவனம் அவற்றைச் செய்வதில் பெயர் பெற்றிருந்தது. 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கோடக் நிறுவனம் லென்ஸுடன் இணைந்த தொலைவுமானியை ஒரு மடக்குக் காமிராவில் பொருத்திவிட்டது. ஆனால் அது பெரிய காமிரா, சட்டைப்பையில் அடங்குவதன்று.

சட்டைப்பையில் அடங்கும் காமிராவின் கதை ஜெர்மனியிலுள்ள வெட்ஸ்லார் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் நுண்நோக்கிகளைச் செய்து வந்தது. 1911இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர் ஆஸ்கார் பார்னாக் என்னும் யந்திர நிபுணர். புகைப்படம் எடுப்பதில் அவருக்குப் பேரார்வம். ஆனால் மூச்சிரைப்பு நோய் உடையவர். கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் சேர்ந்த அக்காலத்துக் காமிராவைச் சுமந்துகொண்டு மலைச்சரிவுகளில் ஏறுவது அவருக்கு இயலாத காரியம். ஆகவே சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிமை ஒரு சிறு பெட்டியில் வைத்துப் படம் எடுத்தால் என்ன என்று எண்ணினார். சினிமாப் படத்தின் ஒரு கட்டம் 18 மில்லிமீட்டர் உயரமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இரண்டு கட்டங்களைச் சேர்த்து 24க்கு 36 என்னும் அளவை அவர் கையாண்டார். இன்று எண்ணியல் காமிராக்களில் ‘முழுச்சட்டம்’ என்று எதைச் சொல்கிறார்களோ, அது பார்னாக் கையாண்ட அதே அளவுதான். 1914 வாக்கில் அவருடைய மாதிரிக் காமிரா தயாராகிவிட்டது. உடனே உலகப் போர் மூண்டது. காமிரா காத்திருக்க நேர்ந்தது.

போருக்குப் பின் ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடியது. அத்தகைய வேளையில் யாரும் கேட்டிராத ஒரு பொருளைச் செய்து விற்பது பெரும் துணிச்சல். நிறுவனத்தில் மாறுபட்ட கருத்துடையோர் பலர் இருந்தும், 1924இல் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அதைச் செய்வதென முடிவு செய்தார். 1925ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா காமிரா உலகத்துக்கு அறிமுகமாயிற்று. அந்த முதல் லைக்காவில் தொலைவுமானி இல்லை. தொலைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். அல்லது தனியாக ஒரு தொலைவுமானியைக் காமிராவின் தலையில் செருகி, அது காட்டும் எண்ணைப் படித்து, பிறகு லென்ஸை அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும். அதற்குள் எதிரே நிற்கும் குழந்தை ஓடிவிடும்!

1932இல் வந்த இரண்டாம் லைக்கா இந்தக் குறையைப் போக்கியது. தொலைவுமானியை லென்ஸுடன் இணைத்த விதம் மிக எளிமையானது. லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டுக் காமிராவின் வாய்க்குள் பார்த்தால், மேற்புறத்தில் ஒரு சிறு கை தெரியும். அதன் நுனியில் ஓர் உருளை. லென்ஸின் பின்விளிம்பு அந்த உருளையைத் தொட்டுக்கொண்டே முன்னும் பின்னும் நகரும். உருளை அசைய, கை அசையும். கை அசைய, ஆடி திரும்பும். இந்தச் சிறு உருளையை மாணவ நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போகிறது.

அதே 1932இல் டிரெஸ்டன் நகரத்தின் ஸைஸ் ஐக்கான் நிறுவனம் கான்டாக்ஸ் என்னும் போட்டிக் காமிராவை வெளியிட்டது. லைக்காவின் ஷட்டர் ரப்பர் பூசிய துணித்திரை. கான்டாக்ஸின் ஷட்டர் மெல்லிய பித்தளைப் பட்டைகளைக் கோத்து, பட்டு நாடாக்களில் தொங்கவிட்ட உலோகத்திரை. லைக்காவில் காட்சியைப் பார்க்க ஒரு துளை, தொலைவைக் காண இன்னொரு துளை. 1936இல் வந்த இரண்டாம் கான்டாக்ஸிலோ இரண்டும் ஒரே துளையில் அடங்கின. தொலைவுமானியின் அடிப்பக்கமும் லைக்காவைப் போல் இரு மடங்குக்கு மேல், ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். கணக்கின்படி பார்த்தால் கான்டாக்ஸே மேலான கருவி. ஆனால் பழுது பார்க்கிறவனைக் கேட்டால் லைக்காவுக்கே கைதூக்குவான். பார்னாக் செய்தது கடிகாரம் போன்ற எளிய யந்திரம். ஸைஸ் நிபுணர்கள் செய்தது தம் புலமை முழுவதையும் ஒரே பெட்டியில் அடைத்த யந்திரம். கான்டாக்ஸ் ஷட்டரைப் பிரித்துப் பார்த்த எவரும் என் கருத்தை மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இந்தச் சிறு காமிராக்களால் உலகம் எதைப் பெற்றது? கண்ணாடி மேலெழும் ஓசையின்றி மெல்லிய ஒலியுடன் படம் எடுக்கும் கருவியைப் பெற்றது. எதிரே உள்ளவர் அறியாமலே அவருடைய இயல்பான முகத்தைப் பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றது. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது ராபர்ட் காப்பா கையில் இருந்தது கான்டாக்ஸ். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளில் பெரும்பகுதி லைக்காவையே கையாண்டவர். 1948 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சிறிது நேரத்துக்கு முன் அவரைச் சந்தித்து மீண்டவர் இவர். அன்றிரவு பிர்லா மாளிகையின் வாயிலில் நேரு அச்செய்தியை மக்களுக்கு அறிவிப்பதையும், பின்னர் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியடைந்தபோதும் இவர் திருவண்ணாமலையில் இருந்தார். அந்நாட்களின் படங்கள் நமக்குக் கிடைத்தது இவரால்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். அது வெட்ஸ்லாரில் நடந்ததன்று. இன்று உக்ரைன் நாட்டில் உள்ள கார்க்கிவ் நகரத்தில் நடந்தது. அக்காலத்தில் அது கார்க்கோவ் என்று வழங்கப்பட்டது.

முதல் உலகப் போர், அதன் பின் புரட்சி, அதன் பின் உள்நாட்டுப் போர், அதன் பின் 1921ஆம் ஆண்டின் கொடும் பஞ்சம். இவ்வளவையும் அடுத்தடுத்துக் கண்ட ரஷ்ய நாட்டில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் தெருவில் திரிந்தனர். இரயில் நிலையங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் உறங்கினர். திருடியும் பிச்சையெடுத்தும் உயிர் பிழைத்தனர். அத்தகைய பிள்ளைகளை மனிதராக்கும் பணியை மேற்கொண்டவர்களுள் ஒருவர் அந்தோன் மக்காரென்கோ என்னும் ஆசிரியர். முதலில் பொல்டாவா நகரத்துக்கு அருகிலும், பின்னர் 1927 முதல் கார்க்கோவிலும் அவர் பணியாற்றினார். கார்க்கோவில் அவர் பொறுப்பேற்ற இல்லத்துக்கு ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி உழைப்புக் கம்யூன் என்று பெயர்.

யார் இந்த ஜெர்ஜின்ஸ்கி? சோவியத் ரகசியப் போலீஸை நிறுவி நடத்தியவர். அவர் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கிய காலம் உண்டு. அவரே 1921இல் அநாதைப் பிள்ளைகளின் நலனுக்காக அமைந்த குழுவுக்கும் தலைவராயிருந்தார். எத்தனையோ பிள்ளைகள் அநாதைகளானதற்குக் காரணமான அதே ஆட்சியின் அதே கரம் அவர்களுக்கு உணவும் அளித்தது. சரித்திரம் படிக்கிறவர்கள் இப்படிப்பட்ட முரண்களைக் கண்டு மருண்டுவிடாமல், இரு பக்கத்தையும் சேர்த்தே மனத்தில் இருத்தப் பழக வேண்டும்.

கம்யூன் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் ஒரு பகுதியைப் பட்டறையிலும் கழித்தனர். பட்டறை வேலை வெறும் விளையாட்டாக இருக்கலாகாது. உலகத்துக்கு வேண்டிய உண்மையான பொருளை அவர்கள் உண்மையான திறமையுடன் செய்ய வேண்டும் என்பது மக்காரென்கோவின் கொள்கை. மின்சாரத் துளைக்கருவிகளைச் செய்யத் தொடங்கினர். அடுத்து, அக்காலத்தில் உலகத்திலேயே நுட்பமான சிறு யந்திரங்களுள் ஒன்றாகிய லைக்காவை எடுத்துப் பிரித்துப் பார்த்தனர். 1932இல் மாதிரிகள் தயாராயின. 1934 முதல் தொடர்ந்து உற்பத்தி நடந்தது. ஜெர்ஜின்ஸ்கியின் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, ‘ஃபெட்’ என்று காமிராவுக்குப் பெயரிட்டனர்.

அது லைக்காவின் நகல் என்பதில் ஐயமில்லை. ஜெர்மானியரிடம் அனுமதி கேட்டுச் செய்ததும் அன்று. ஆயினும் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்னும் கணக்கில் வேலை கேட்கும் ஒரு கருவியை, சில ஆண்டுகளுக்கு முன் இரயில் நிலையத்தில் பாக்கெட் அடித்துத் திரிந்த சிறுவர்களும் சிறுமிகளும் செய்து காட்டினர் என்பதையும் மறக்கலாகாது. அவர்களுடைய கைவேலையின் அடையாளம் ஒன்று காமிராவிலேயே இருக்கிறது. லைக்காவில் லென்ஸ் அமரும் வளையத்துக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் 28.8 மில்லிமீட்டர் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகையால் எந்த லென்ஸையும் எந்த உடலிலும் மாட்டலாம். போருக்கு முந்திய ஃபெட்டில் இந்த அளவு ஒரே சீராக இல்லை. ஒவ்வோர் உடலுக்கும் ஒரு லென்ஸைத் தனித்தனியே பொருத்தி, வளையத்தின் அடியில் மெல்லிய வட்டங்களை வைத்துக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்தனர். ஒரு காமிராவின் லென்ஸை இன்னொன்றில் மாட்டினால் படம் மங்கலாக வருவது இதனால்தான். இன்றைய ஆலைக் கணக்குப்படி இது குறைபாடு. ஆனால் ஒவ்வொரு காமிராவையும் யாரோ ஒரு பிள்ளை கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

இன்னொரு சான்று காமிராவின் தலையில் இருக்கிறது. மேல்தகட்டில் ஃபெட் என்னும் பெயரும், அதன் அடியில் ‘உழைப்புக் கம்யூன்’ என்றும், உக்ரைன் உள்துறையின் பெயரும், ஜெர்ஜின்ஸ்கியின் பெயரும், கார்க்கோவ் என்னும் ஊர்ப்பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. மக்காரென்கோ 1935இல் அங்கிருந்து மாற்றப்பட்டார். 1930களின் பிற்பகுதியில் வந்த காமிராக்களில் ‘கம்யூன்’ என்னும் சொல் மறைந்து, ‘ஆலைத்தொகுதி’ என்னும் பொருள்படும் சொல் அவ்விடத்தில் அமர்ந்துவிடுகிறது. பிள்ளைகளின் இல்லம் வெறும் தொழிற்சாலையாக மாறிய கதையை அந்தத் தகட்டின் ஒரே ஒரு சொல் நமக்குச் சொல்லிவிடுகிறது. மன்னனின் மெய்க்கீர்த்தியில் ஒரு பட்டப்பெயர் கூடுவதையும் குறைவதையும் கொண்டு காலத்தைக் கணிக்கும் கல்வெட்டு ஆராய்ச்சியாளர், இந்தத் தகட்டையும் படிக்கத் தயங்கமாட்டார்.

1941 அக்டோபரில் ஜெர்மன் படைகள் கார்க்கோவைக் கைப்பற்றின. அதற்கு முன்னரே ஆலையின் யந்திரங்கள் கிழக்கே சைபீரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. போர் முடிந்தபின் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையும் 1948 முதல் அதே காமிராவை ஸோர்க்கி என்னும் பெயரில் செய்யத் தொடங்கியது.

ஜெர்மனியில் நடந்தது என்ன? வெட்ஸ்லாரில் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், ஹிட்லர் ஆட்சியில் துன்புற்ற யூத ஊழியர்களுக்கும் அவர்கள் உறவினருக்கும் வெளிநாட்டில் வேலை தேடித் தந்து நாட்டை விட்டு வெளியேற உதவினார். அவருடைய மகள் எல்ஸி, ஒரு யூதப் பெண் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல உதவ முயன்றதற்காக 1943இல் கெஸ்டபோவால் சிறை வைக்கப்பட்டார். அதே ஆலை போர்க்கருவிகளையும் செய்தது. அங்கே கட்டாய உழைப்பாளரும் வேலை செய்தனர். முன்னர் நான் சொன்ன முரண் இங்கும் உண்டு.

டிரெஸ்டன் நகரம் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் எரிந்தது. கான்டாக்ஸ் செய்த ஆலையும் சேதமடைந்தது. அப்பகுதி சோவியத் படைகளின் வசமாயிற்று. போர் இழப்பீடாக, கான்டாக்ஸ் செய்யும் கருவிகளையும் வரைபடங்களையும் மீண்டும் உருவாக்கி, உதிரிப் பாகங்களோடு கீயெவ் நகரத்தின் அர்சனால் ஆலைக்கு ஏற்றிச் சென்றனர். 1947 முதல் அங்கே ‘கீயெவ்’ காமிரா பிறந்தது. தொடக்க ஆண்டுகளின் கீயெவ் காமிராக்கள் ஜெர்மனியிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டே பூட்டப்பட்டவை. மேலே ரஷ்ய எழுத்து. உள்ளே ஸைஸ் கைவேலை. 1936ஆம் ஆண்டின் அந்த அமைப்பு சிற்சில மாறுதல்களோடு 1980களின் நடுப்பகுதி வரை கீயெவில் தொடர்ந்து செய்யப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு! அதே வேளையில் மேற்கு ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் 1950இல் வேறொரு புதிய கான்டாக்ஸ் எழுந்தது. நாடு இரண்டானது போலவே காமிராவும் இரண்டாயிற்று.

ஜப்பானிய நிக்கான், கேனன் நிறுவனங்களும் இவ்வகைக் காமிராக்களைச் செய்தே உலகப் புகழ் பெற்றன. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் தம் லைக்காவில் நிக்கான் லென்ஸ்களை மாட்டிப் பயன்படுத்தியதன் பின்னரே மேல்நாட்டார் ஜப்பானியப் பொருளை மதிக்கத் தொடங்கினர். 1954இல் லைக்கா எம் 3 வந்தது. இவ்வகையின் சிகரம் அதுவே என்பது என் கருத்து. ஆனால் 1959இல் நிக்கான் எஃப் வந்தது. லென்ஸ் காண்பதையே கண்ணாடி வழியாக நம் கண்ணுக்குக் காட்டும் காமிரா அது. நெடுந்தொலைவு லென்ஸையும் மிக நெருங்கிய காட்சியையும் தொலைவுமானியால் சரிவரக் கையாள முடியாது. ஆகவே செய்திப் படக்காரர்கள் கட்சி மாறினர். லைக்கா மட்டும் விடாமல் நின்றது; 2022இலும் எம் 6 என்னும் தன் பழைய பிலிம் காமிராவை மீண்டும் வெளியிட்டது.

பழைய காமிரா ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று மாணவர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. முதலில் எதையும் செய்யாமலிருப்பது என்பதே என் விடை. ஷட்டரை ஏற்றாமல் வேகச் சக்கரத்தைத் திருப்ப வேண்டாம். பழைய லைக்காவிலும் அதன் வழிவந்த காமிராக்களிலும் திரையை ஏற்றிய பின்னரே சக்கரம் உண்மையான எண்ணைக் காட்டும். லென்ஸைக் கழற்றிவிட்டு, காமிராவின் வாயை வெளிச்சத்துக்கு நேரே காட்டினால், துணித்திரையில் ஊசித்துளைகள் இருந்தால் விண்மீன்கள் போல் மின்னும். அத்தகைய திரையை மாற்றியாக வேண்டும். லென்ஸின் உள்ளே சிலந்திவலை போல் படர்ந்திருப்பது பூஞ்சணம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது வெகு விரைவாக வளரும். பல ஆண்டுகளாக இறுகிப்போன மசகு, லென்ஸைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதை நீக்கிப் புது மசகு இட வேண்டுமே தவிர, பலங்கொண்டு திருகலாகாது. தொலைவுமானியின் இரண்டாவது பிம்பம் மங்கியிருந்தால், அரைப்பூச்சுக் கண்ணாடியின் வெள்ளி உதிர்ந்துவிட்டது என்று பொருள். தூசி என்று எண்ணி அதைத் துணியால் துடைத்தால் எஞ்சிய வெள்ளியும் துணியோடு வந்துவிடும். இந்த அடியில் ஏற்றும் காமிராக்களில் பிலிமின் நுனியை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தரித்த பிறகே நுழைக்க வேண்டும். இல்லையேல் பிலிமின் துணுக்குகள் உள்ளே சிக்கும்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலைகள். கடினமானது எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்னும் முடிவு. கோயில் திருப்பணி என்ற பெயரில் சுவர்மீது மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்ததில் கல்வெட்டுகள் தேய்ந்த கதையை நம் நாட்டில் கேட்டிருக்கிறோம். சுவர் பளபளத்தது, சோழர் காலத்து நிலதானம் ஒன்று இல்லாமல் போயிற்று. காமிராவிலும் அப்படித்தான். தேய்ந்த முலாமை நீக்கிப் புதுமுலாம் பூசிப் புத்தம் புதிதாக்க வேண்டும் என்போர் பலர். வேலை செய்ய வேண்டிய உறுப்பு வேலை செய்யட்டும். காலம் தேய்த்த இடம் தேய்ந்தபடியே இருக்கட்டும் என்பது என் கட்சி.

இதைவிடக் கொடிய திருப்பணி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர், வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு பழம்பொருள் விற்பனையாளரிடம் பெரும் விலை கொடுத்து வாங்கிய காமிராவை என்னிடம் கொண்டு வந்தார். தங்கநிற முலாம், உடலெங்கும் பாம்புத்தோல் போன்ற உறை. மேல்தகட்டில் லைக்கா என்னும் பெயரும், 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தின் ஐந்து வளையங்களும். தொலைவுமானியில் பிம்பம் ஒன்றுசேரவில்லை, சரிசெய்து தர வேண்டும் என்றார். நான் லென்ஸைக் கழற்றி வாய்க்குள் பார்த்தேன். உருளை இருக்க வேண்டிய இடத்தில் உருளை இல்லை. நாக்கு வடிவான சிறு உலோகத் துண்டு இருந்தது. லைக்காவுக்கு அது உருளை. ஃபெட்டுக்கும் ஸோர்க்கிக்கும் அது நாக்கு. மேல்தகட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நடுவில் லேசான குழிவு தெரிந்தது. அரத்தால் தேய்த்த இடம் அது. தங்கமுலாமின் அடியில், கார்க்கோவ் என்னும் ரஷ்யச் சொல்லின் இறுதி எழுத்துகள் ஆவி போல் நின்றன.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததை ஒட்டிய ஆண்டுகளில் இத்தகைய போலி லைக்காக்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஜெர்மன் விமானப்படையின் முத்திரை உடையவை, கடற்படையின் கழுகு உடையவை என்று பலவிதம். வாங்குகிறவர் ஏமாந்தது அவருடைய பண நஷ்டம். அதைப் பற்றி நான் அதிகம் வருந்தவில்லை. தலையெழுத்தை யாராலும் அழிக்க முடியாது என்பார்கள் நம் பெரியோர். இந்தக் காமிராவின் தலையெழுத்தையோ ஒருவன் அரத்தைக் கொண்டு அழித்துவிட்டான். தெருவில் கிடந்த பிள்ளைகள் தம் உழைப்பால் செய்து, தம் இல்லத்தின் பெயரைப் பொறித்து அனுப்பிய பொருள் அது. அந்தப் பெயரைத் தேய்த்துவிட்டு, அவர்கள் ஊரைப் பின்னர் எரித்த ஆட்சியின் சின்னத்தை அதன்மேல் எழுதுவது வெறும் வியாபாரத் தந்திரமாக எனக்குத் தோன்றவில்லை.

நண்பர் முகம் வாடிவிட்டது. பழைய முலாமையும் நீக்கிவிட்டு ஃபெட் என்று மீண்டும் பொறித்துவிடலாமா என்று கேட்டார். அதுவும் இன்னொரு போலிதான் என்றேன். மேல்தகட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இறங்கினேன். லென்ஸ் வளையத்தைக் கழற்றியபோது அதன் அடியில் மெல்லிய காகித வட்டங்கள் இரண்டு இருந்தன. இவற்றைக் குப்பை என்று எண்ணி எறிந்துவிடுவோர் உண்டு. கார்க்கோவில் எந்தப் பிள்ளை இதை வெட்டி வைத்ததோ! ஆழமானியால் அளந்து பார்த்ததில், மாட்டியிருந்த லென்ஸ் இந்த உடலுக்குப் பிறந்ததன்று என்று தெரிந்தது. போலி செய்தவன் எங்கிருந்தோ எடுத்து மாட்டியிருக்கிறான். பழைய வட்டங்களை எடுக்காமல், அவற்றோடு ஒரு புது வட்டத்தைச் சேர்த்து அளவைக் கொண்டுவந்தேன். வெள்ளி உதிர்ந்த அரைப்பூச்சுக் கண்ணாடிக்குப் பதிலாகப் புதியது ஒன்றைப் பொருத்தினேன். மொட்டைமாடியில் ஏறி நிலவை நோக்கி, இரண்டு நிலவும் ஒன்றாகும் வரை திருகாணியைச் சிறுகச் சிறுகத் திருப்பினேன். தொலைவுமானியை முடிவிலித் தொலைவுக்குச் சரிசெய்ய நிலவைப் போல் வசதியான பொருள் வேறில்லை.

நான் சரிசெய்யும் ஒவ்வொரு காமிராவோடும் ஒரு சீட்டு எழுதி அதன் தோலுறைக்குள் வைப்பது வழக்கம். இதற்கும் எழுதினேன். ஃபெட், கார்க்கோவ், 1930கள். மேல்தகட்டுப் பொறிப்பு பிற்காலத்தில் தேய்க்கப்பட்டது. இப்போதுள்ள எழுத்தும் முலாமும் தோலும் பிற்காலத்தவை. லென்ஸ் வேறோர் உடலுக்குரியது. காகித வட்டங்கள் மூன்று: கீழுள்ள இரண்டும் பழையவை, மேலுள்ளது நான் இட்டது. பழைய அரைப்பூச்சுக் கண்ணாடி இத்துடன் ஓர் உறையில் இருக்கிறது.